தரையில் அமர்ந்த கலைஞர் யாசுஜிரோ ஓசு

இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு

மாபெரும் போர்களைத் திரையில் காட்டிப் புகழ் பெற்ற இயக்குநர்கள் உண்டு. மன்னர்களையும் மாவீரர்களையும் காட்டிப் புகழ் பெற்றவர்களும் உண்டு. ஒரு சிறு வீட்டின் கூடத்தையும், அங்கே பாயில் அமர்ந்து தேநீர் அருந்தும் தாய் தந்தையரையும் காட்டியே உலகின் தலைசிறந்த இயக்குநர்களுள் ஒருவராக உயர்ந்தவர் ஜப்பான் நாட்டு யாசுஜிரோ ஓசு. காமிராவை எவ்வளவு உயரத்தில் வைப்பது, எவ்வளவு தொலைவில் வைப்பது, எப்போது அதனை அசைக்காமல் விடுவது என்னும் கேள்விகளுக்கு விடை காண்பதிலேயே முப்பத்தைந்து ஆண்டுகளைச் செலவிட்டவர் அவர்.

இன்று நம் கல்லூரியில் காமிரா இல்லாத சட்டைப்பை அரிது. கைப்பேசி கைக்கு வந்தவுடன் குறும்படம் எடுக்கும் ஆசையும் கூடவே வந்துவிடுகிறது. கதையைப் பற்றி நாள்கணக்கில் விவாதிக்கிறோம். காமிரா நிற்கும் இடத்தைப் பற்றி ஒரு நிமிடம் பேசுவதற்குள் படப்பிடிப்பே முடிந்துவிடுகிறது. அந்த ஒரு நிமிடத்தின் அருமையை எனக்குக் கற்றுத் தந்தது ஓசுவின் வாழ்க்கை. அதனை நண்பர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

தேர்வில் தோற்ற மாணவர்

ஓசு 1903ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் டோக்கியோ நகரின் ஃபுகாகவா பகுதியில் பிறந்தார். தந்தை உர வணிகத்தில் இருந்தவர். ஓசுவுக்கு ஏறத்தாழப் பத்து வயதானபோது தாயும் பிள்ளைகளும் மத்சுசாகா என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தனர். தந்தை தொழிலின் பொருட்டு டோக்கியோவிலேயே தங்கிவிட்டார். தந்தையை அருகில் காணாமல் வளர்ந்த அந்தச் சிறுவனே பின்னாளில் தந்தையரைப் பற்றி அத்தனை படங்கள் எடுத்தார் என்பதை நினைக்க வியப்பாக இருக்கிறது.

பள்ளியில் அவர் பெயர் எடுத்த மாணவரல்லர். மாணவர் விடுதியிலிருந்து நீக்கப்பட்டு, வீட்டிலிருந்து ரயிலில் சென்று படித்தார். மனமெல்லாம் அமெரிக்கத் திரைப்படங்களிலேயே இருந்தது. மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வுகளில் தோற்றார். 1922இல் ஒரு மலைக்கிராமப் பள்ளியில் தற்காலிக ஆசிரியராகச் சேர்ந்து ஓராண்டுக் காலம் பணியாற்றினார். 1923இல் டோக்கியோ திரும்பி, உறவினர் ஒருவரின் உதவியால் ஷோச்சிக்கு நிறுவனத்தின் கமாத்தா படப்பிடிப்பு நிலையத்தில் சேர்ந்தார். இயக்குநர் பிரிவில் இடமில்லை. உதவி ஒளிப்பதிவாளர் வேலையே கிடைத்தது. அந்நாளில் அவ்வேலையின் பெரும்பகுதி கனமான காமிராவைத் தோளில் சுமந்து செல்வதுதான். கல்லூரி வாசலை மாணவனாக மிதிக்காத அவர், பின்னாளில் கல்லூரி மாணவர்களின் தேர்வுத் தோல்விகளைப் பற்றிய நகைச்சுவைப் படங்களை எடுத்து அந்நாட்டு மாணவர்களைச் சிரிக்க வைத்தார்!

உதவி இயக்குநராக மாறியபின் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி சுவையானது. நிலையத்தின் உணவுக்கூடத்தில் பசியோடு காத்திருந்த ஓசுவின் முறை வந்தபோது, அவருக்கு வரவேண்டிய குழம்புச் சோற்றுத் தட்டு பின்னால் வந்த ஓர் இயக்குநருக்குச் சென்றது. ஓசு சினங்கொண்டு பரிமாறியவரை அடித்துவிட்டார். செய்தி நிலையத் தலைவர் கிடோ ஷிரோவின் காதுக்கு எட்டியது. அவரோ இளைஞரை வேலையிலிருந்து விலக்காமல், கதை ஒன்று எழுதிவரப் பணித்தார். 1927இல் ஓசு இயக்குநரானார். அவருடைய முதற்படம் இன்று கிடைக்கவில்லை. ஐம்பதுக்கும் மேற்பட்ட அவர் படங்களுள் தொடக்க காலத்தவை பல இவ்வாறே அழிந்துபோயின.

கம்பிகள் காட்டிய வழி

காமிராவைத் தாழ வைக்கும் பழக்கம் எப்படி வந்தது? பெரிய தத்துவம் எதுவும் இதன் தொடக்கத்தில் இல்லை. 1928இல் ஒரு படத்தை எடுத்துக்கொண்டிருந்தபோது, விளக்குகளின் மின்கம்பிகள் தரையெங்கும் கிடந்தன. ஒவ்வொரு ஷாட்டுக்கும் விளக்குகளை இடம் மாற்ற வேண்டும். தரை படத்தில் விழாதபடி கம்பிகளையும் ஒதுக்க வேண்டும். நேரம் வீணாவதைக் கண்ட ஓசு காமிராவைக் கீழே இறக்கினார். தரை மறைந்தது, கம்பிகளும் மறைந்தன. அவ்வாறு கிடைத்த காட்சி அவர் மனத்துக்குப் பிடித்துப்போகவே, அதனையே தம் வழியாக்கிக்கொண்டார். வசதிக் குறைவிலிருந்து ஒரு கலைவழி பிறந்தது. முக்காலி வாங்கவும் வழியில்லாத நமக்கு இது ஆறுதலான செய்தியல்லவா?

உயரம் வேறு, கோணம் வேறு

இங்கே இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தாழ்ந்த கோணம் என்று நாம் பேசும்போது இரண்டு வேறு பொருள்களைக் குழப்பிக்கொள்கிறோம். காமிரா தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்பது ஒன்று. அது மேலே அல்லது கீழே எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்பது மற்றொன்று. தாழ்ந்த இடத்தில் வைத்த காமிராவை மேல்நோக்கிச் சாய்த்தால் எதிரில் இருப்பவர் பூதாகாரமாகத் தோன்றுவார். சுவர்களின் செங்குத்துக் கோடுகள் மேலே ஒன்றையொன்று நெருங்கும். உயரத்தில் வைத்துக் கீழ்நோக்கிச் சாய்த்தால் அவர் சிறுத்துப்போவார், தரை பெரிதாகும். காமிராவைச் சாய்க்காமல் கிடைமட்டமாக வைத்தால் செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே நிற்கும். காமிராவின் உயரத்தில் உள்ள புள்ளிகள் எல்லாம் படத்தின் நடுக்கோட்டில் அமையும்.

ஓசுவின் காமிரா தாழ்ந்திருந்தது. ஆனால் சாய்வு மிகக் குறைவு. ஜப்பானியர் தத்தாமி என்னும் பாய் விரித்த தரையில் அமர்வர். அவ்வாறு அமர்ந்திருப்பவரின் கண்ணுக்கும் சற்றே கீழே அந்தக் காமிரா இருக்கும். அதனால் பாயில் இருப்பவரின் தலை நடுக்கோட்டுக்கு மேலே நிமிர்ந்து நிற்கும். அவர் அரக்கராகவும் தோன்றார், அற்பராகவும் தோன்றார். நம் எதிரில் அமர்ந்து பேசும் மனிதராகவே தோன்றுவார்.

முதலாளியின் காமிராவில் ஒரு தந்தை

பிறரைப் படம் பிடிப்பது எவ்வளவு பொறுப்பான செயல் என்பதை ஓசு நன்கறிந்திருந்தார். 1932இல் வெளிவந்த ‘பிறந்துவிட்டேன், ஆனால்...’ என்னும் அவருடைய ஊமைப்படமே இதற்குச் சான்று. அண்ணன் தம்பி இருவர் தம் தந்தையே உலகில் பெரியவர் என்று நம்பியிருக்கின்றனர். ஒருநாள் தந்தையின் முதலாளி தம் வீட்டில், தாம் பொழுதுபோக்காக எடுத்த படச்சுருளைத் திரையிட்டுக் காட்டுகிறார். அதில் அவர்களுடைய தந்தை முதலாளியை மகிழ்விப்பதற்காகக் கோமாளிபோல் முகத்தைக் கோணிக் காட்டுகிறார். கூடியிருந்தவர்கள் சிரிக்கின்றனர். பிள்ளைகள் உடைந்துபோகின்றனர். வீடு திரும்பித் தந்தையோடு சண்டையிட்டு, உண்ணவும் மறுக்கின்றனர்.

முதலாளியின் காமிராவுக்குத் தெரிந்தது ஒரு கோமாளி. ஓசுவின் காமிராவுக்குத் தெரிந்தது குடும்பத்தைக் காப்பாற்றுவதற்காக நாணத்தை விழுங்கிக்கொண்ட ஒரு தந்தை. மனிதர் ஒருவரே, பார்ப்பவர் நின்ற இடம் மட்டும் மாறியிருக்கிறது. ஜப்பானின் ‘கினிமா ஜும்போ’ இதழ் அவ்வாண்டின் சிறந்த படமாக இதனைத் தேர்ந்தெடுத்தது. 1933, 1934ஆம் ஆண்டுகளிலும் அவர் படங்களே அப்பட்டியலில் முதலிடம் பெற்றன.

ஒரே மகன்

ஓசுவின் முதல் பேசும்படம் 1936இல் வந்த ‘ஒரே மகன்’. பிறர் பேசும்படத்துக்கு மாறியபின்னும், தம் ஒளிப்பதிவாளர் உருவாக்கிவந்த ஒலிப்பதிவு முறைக்காகப் பொறுமையோடு காத்திருந்து அதனை எடுத்தார். அப்படத்தின் கதையை நான் மறக்க இயலாது. பட்டு நூற்கும் ஆலையில் வேலை செய்யும் ஒரு கைம்பெண், உள்ளதையெல்லாம் விற்றுத் தன் ஒரே மகனைப் படிக்க வைக்கிறாள். ஆண்டுகள் பல கழித்து அவனைக் காண டோக்கியோ செல்கிறாள். அவன் நகரத்தின் ஓரத்தில், மனைவி குழந்தையோடு, இரவுப் பள்ளி ஆசிரியனாகக் குறைந்த வருவாயில் காலம் தள்ளுகிறான். தாய் ஏமாற்றத்தை மறைத்துக்கொள்கிறாள். பக்கத்து வீட்டுச் சிறுவன் அடிபட்டபோது, கையிலிருந்த பணத்தை மகன் எடுத்துக் கொடுப்பதைக் கண்டு பெருமைப்படுகிறாள். ஊர் திரும்பி உடன் வேலை செய்பவளிடம் மகன் பெரிய ஆளாகிவிட்டான் என்று சொல்கிறாள். பின் ஆலையின் பின்புறம் தனியே சென்று அமர்கிறாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்!

முதல் பட்டதாரிச் சான்றிதழ் பெற்றுக் கல்லூரிக்கு வந்தவன் நான். என் தாய் பீடி சுற்றுகிறார். இந்தப் பட்டம் என் வீட்டுக்கு எதைக் கொண்டுவரும் என்று எனக்கு இன்னும் தெரியாது. அந்தத் தாயை ஓசு இரக்கத்துக்குரிய பொருளாகக் காட்டியிருந்தால் நானும் இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டு மறந்திருப்பேன். அவர் அவளோடு சமமாக அமர்ந்து பார்த்தார். அதனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

சிங்கப்பூரில் ஓசு

1937 முதல் 1939 வரை ஓசு படைவீரராகச் சீனப் போர்முனையில் இருந்தார். 1943இல் அவரைப் படமெடுப்பதற்காகச் சிங்கப்பூருக்கு அனுப்பினர். நேதாஜி சுபாஷ் சந்திர போசின் இந்திய விடுதலை இயக்கத்தைப் பற்றிய படம் ஒன்றை எடுக்கும் பணியும் அங்கே அவருக்கு வந்தது. மலேயாத் தோட்டத் தமிழர் ஏராளமானோர் நேதாஜியின் படையில் சேர்ந்த காலம் அது. ஆனால் போரின் போக்கு மாறியதால் படம் நிறைவேறவில்லை.

வேலையற்றிருந்த அக்காலத்தில், கைப்பற்றப்பட்ட அமெரிக்கப் படங்களைத் திரையிட்டுப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. 1941இல் ஆர்சன் வெல்ஸ் இயக்கிய ‘சிட்டிசன் கேன்’ அவற்றுள் ஒன்று. அப்படத்திலும் காமிரா தாழ்ந்தே இருக்கும். தரையில் குழி வெட்டிக்கூடக் காமிராவை இறக்கினார்கள். ஆனால் அது அகன்ற பார்வையுடைய லென்ஸைக் கொண்டு மேல்நோக்கிப் பார்க்கும். கூரையை முட்டும் அரக்கனைப்போல் கதாநாயகன் எழுந்து நிற்பான். அதிகார வெறி பிடித்த ஒருவனின் கதைக்கு அது பொருத்தமே. ஓசு அதனைக் கண்டு வியந்தார். ஆயினும் தம் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. அவர் காட்ட விரும்பியவர்கள் வீட்டு மனிதர்களாயிற்றே!

போர் முடிந்தபின், முதற்கப்பலில் நாடு திரும்புவோரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தனர். ஓசு தமக்குக் கிடைத்த இடத்தை உடனிருந்தவருக்கு விட்டுக்கொடுத்துப் பின்னரே புறப்பட்டார். 1946 பிப்ரவரியில் தாயகம் அடைந்தார்.

ஓசுவின் இலக்கணம்

இதன்பின் பிறந்தவையே உலகம் போற்றும் படங்கள். கதாசிரியர் கோகோ நோதாவும் ஓசுவும் ஒன்றாகத் தங்கி, மாதக்கணக்கில் பேசிப் பேசித் திரைக்கதை எழுதுவர். எழுதி முடித்தபின் எந்த ஷாட் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை ஓசு படமாகவே வரைந்து வைத்துக்கொள்வார். ஒளிப்பதிவாளர் யூஹாரு அட்சுதா தரையோடு தரையாகப் படுத்துக் காமிராவைப் பார்ப்பார். சாதாரண முக்காலி உயரமாக இருந்ததால், குட்டையான தாங்கி ஒன்றைத் தனியே செய்வித்தனர். ஓசு தாமே காமிரா வழியாகப் பார்த்து, மேசைமேல் இருக்கும் தேநீர்க் கிண்ணத்தைச் சிறிது நகர்த்தச் சொல்லி, மீண்டும் பார்ப்பார்.

லென்ஸ் எப்போதும் பெரும்பாலும் 50 மில்லிமீட்டர்தான். 35 மில்லிமீட்டர் படச்சுருளில் அது அகலவாக்கில் ஏறத்தாழ 25 பாகையை மட்டுமே காணும். நம் கைப்பேசியின் சாதாரணக் காமிரா அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் காணும். குறுகிய பார்வையுடைய லென்ஸால் ஒருவரை முழுமையாகக் காட்ட வேண்டுமானால் பின்னே செல்ல வேண்டும். அடுத்த அறைக்கே சென்றுவிட நேரும். கதவுச் சட்டங்கள் படத்தின் ஓரங்களில் தாமாக வந்து நிற்கும். ஓசுவின் படங்களில் வீடு அடுக்கடுக்காகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காமிராவை நகர்த்துவதையும் அவர் படிப்படியாகக் குறைத்தார். 1958 முதல் அவர் எடுத்த ஆறு வண்ணப் படங்களில் காமிரா அசையவே இல்லை. காட்சிக்கும் காட்சிக்கும் இடையில் கொடியில் உலரும் துணி, புகைபோக்கி, ஆளில்லா நடை போன்றவற்றைச் சில நொடிகள் காட்டுவார். நாம் மூச்சு விட்டுக்கொள்ள அவர் தரும் இடைவெளி அது.

இவ்விலக்கணத்தின் பெருமையை 1953இல் வந்த ‘டோக்கியோ கதை’யில் காணலாம். ஒனோமிச்சி என்னும் ஊரிலிருந்து முதிய தம்பதியர் பிள்ளைகளைக் காண டோக்கியோ செல்கின்றனர். பிள்ளைகளுக்கு நேரமில்லை. போரில் இறந்த மகனின் மனைவி மட்டுமே அன்பு காட்டுகிறாள். ஊர் திரும்பியதும் தாய் இறந்துவிடுகிறாள். தொடக்கத்தில் இருவரும் அருகருகே அமர்ந்து பயணத்துக்குப் பை கட்டிய அதே கூடத்தில், இறுதியில் முதியவர் மட்டும் அமர்ந்திருக்கிறார். காமிரா அவரை நெருங்கிச் சென்று அழச் சொல்லவில்லை. அதே தாழ்ந்த உயரம். பக்கத்தில் இருந்த இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. 2012இல் பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் உலக இயக்குநர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் இப்படமே முதலிடம் பெற்றது.

எங்கள் வீட்டில் ஒரு சோதனை

சென்ற பருவத்தில் நண்பர்கள் சிலர் சேர்ந்து, பீடி சுற்றும் ஒரு தாயைப் பற்றிக் குறும்படம் எடுக்க முடிவு செய்தோம். படப்பிடிப்பு எங்கள் வீட்டில். நடிப்பவர் என் தாய். முறத்தை மடியில் வைத்து, இலையில் தூளை இட்டுச் சுருட்டி நூல் கட்டும் அந்தக் காட்சியை எப்படி எடுப்பது? மேலிருந்து எடுத்தால்தான் பார்ப்பவர் மனம் இளகும், பரிசும் கிட்டும் என்பது ஒரு நண்பரின் கருத்து. ஆய்வகத்தில் செய்வதுபோல் மூன்று அளவுகளிலும் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றேன் நான்.

முதலில் நின்ற நிலையில், ஐந்தடி உயரத்திலிருந்து சாய்த்து எடுத்தோம். அடுத்து முழங்காலிட்டு எடுத்தோம். மூன்றாவதாக, செய்முறைப் பதிவேடுகள் இரண்டைத் தரையில் அடுக்கி, கைப்பேசியை அவற்றின் மேல் நிறுத்தி, ஒரு செம்பை முட்டுக்கொடுத்தோம். காட்சியை இரு மடங்கு பெரிதாக்கும் அமைப்பில் வைத்தபோது, எங்கள் சிறிய வீட்டில் இடம் போதாமல், வாசற்படிக்கு வெளியே வர நேர்ந்தது. நிலைக்கதவின் இரு பக்கங்களும் படத்தில் விழுந்தன.

முதல் படத்தில் தெரிந்தவை தலை உச்சியும் குனிந்த பிடரியும் முறமும்தான். இரண்டாவதில் நெற்றி தெரிந்தது. மூன்றாவதில்தான் என் தாயின் முகம் முழுமையாகத் தெரிந்தது. குனிந்து வேலை செய்பவரின் முகத்தைக் காண நாம்தான் கீழே இறங்க வேண்டும் என்பது, சொல்லிப் பார்த்தால் எளிய வடிவக்கணிதம்!

மாலையில் மூன்றையும் அவரிடம் காட்டினோம். முதலாவதைப் பார்த்ததும், பீடிக்கட்டுகளை எண்ணி வாங்குபவர் நின்றுகொண்டு பார்ப்பதைப்போல் இருக்கிறது என்றார். மூன்றாவதைப் பார்த்தபோது, யாரோ வீட்டுக்கு வந்து எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார். எழுதப் படிக்கத் தெரியாத என் தாய், காமிராக் கோணம் பற்றிய பாடம் முழுவதையும் இரண்டு வாக்கியங்களில் முடித்துவிட்டார். அதன்பின் எங்களுக்குள் விவாதம் எழவில்லை.

நண்பர்களுக்குச் சில சொற்கள்

எல்லாப் படத்தையும் தரையிலிருந்தே எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. தெருக்குழாயடியில் வரிசையாக நிற்கும் குடங்களைக் காட்ட மொட்டைமாடிதான் ஏற்ற இடம். கொடுங்கோலன் ஒருவனைக் காட்ட வெல்ஸின் வழி பொருந்தும். ஆனால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் மூன்று கேள்விகள் கேட்போம். இந்த மனிதரை இப்போது யார் பார்க்கிறார்? அவர் நிற்கிறாரா, எதிரில் அமர்ந்திருக்கிறாரா? காமிராவை நகர்த்துவதால் புதிதாக ஏதேனும் தெரியப்போகிறதா? விடைகளைத் தாளில் சிறு படங்களாக வரைந்துகொண்ட பிறகு கைப்பேசியை எடுப்போம். தாளுக்கும் பென்சிலுக்கும் பெரிய செலவில்லை.

ஓசு திருமணம் செய்துகொள்ளவில்லை; தாயோடுதான் வாழ்ந்தார். 1962இல் தாய் மறைந்தார். அவ்வாண்டு வெளிவந்ததே அவருடைய கடைசிப் படம். புற்றுநோயால் துன்புற்று, 1963 டிசம்பர் 12ஆம் நாள், தம் அறுபதாம் பிறந்தநாளில் அவர் உயிர் நீத்தார். காமகுராவில் உள்ள அவர் கல்லறையில் பெயர்கூட இல்லை. இன்மை என்னும் பொருளுடைய ஒற்றை எழுத்து மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளது.

தம் பெயரைக் கல்லில்கூட உயர்த்திக்கொள்ளாத அப்பெருமகன், வீட்டுத் தரையில் அமர்ந்திருந்த எளிய மனிதர்களை உலகத்தின் கண்முன் நிமிர்ந்து அமரச் செய்தார். நம் தாய் தந்தையரும் தரையில் அமர்ந்து உழைத்தே நம்மை இக்கல்லூரி வகுப்பறையின் பலகையில் அமர்த்தியிருக்கிறார்கள். அவர்களை நாம் படம் பிடிக்கும் நாளில், நம் காமிராவும் சற்றே இறங்கி அவர்கள் எதிரில் அமரட்டும்.